சிறுவர் சித்திரமும் ஊர்க் கண்காட்சியும்

தமிழர் குடியேறி வாழும் பிற மாநில நகரங்களில் பொங்கல் விழாவும் நவராத்திரி விழாவும் ஆண்டுதோறும் சிறப்புற நடைபெறுகின்றன. பாட்டு, பரதம், பேச்சுப் போட்டி, திருக்குறள் ஒப்பித்தல் ஆகியவற்றோடு ‘சிறுவர் ஓவியக் கண்காட்சி’ என்றொரு பகுதியும் நிகழ்ச்சி நிரலில் இடம் பெறுவதுண்டு. மண்டபத்தின் ஒரு மூலையில் நீண்ட மேஜையின் மீது நாற்பது ஐம்பது தாள்கள் பரப்பப்பட்டிருக்கும். வருவோர் சாப்பாட்டுக் கூடத்திற்குச் செல்லும் வழியில் அவற்றின் மீது ஒருமுறை கண்ணோட்டிவிட்டு, ‘நன்றாயிருக்கிறது’ என்று சொல்லிப் போவார்கள். இசைக்கும் நடனத்திற்கும் நாம் அளிக்கும் கவனத்தில் பத்திலொரு பங்கை இம்மூலைக்கு அளிப்போமாயின், நமக்கும் நம் குழந்தைகளுக்கும் விளையக்கூடிய நன்மை யாது என்று எண்ணிப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

குழந்தை வரைந்ததைப் பெரியவர்கள் நின்று பார்க்கத்தக்க பொருளாகக் கருதத் தொடங்கியது மிகப் பழங்காலத்தில் அன்று. இத்தாலிய நாட்டுக் கலை வரலாற்றறிஞரான கொர்ராதோ ரிச்சி என்பவர் பொலோஞா நகரில் ஒருநாள் மழைக்காக ஒரு தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றபோது, அதன் சுவரில் சிறுவர்கள் கிறுக்கியிருந்த உருவங்களைக் கண்டார். பெரியவர்கள் கிறுக்கியவை மேலேயும், சிறியவர்கள் கிறுக்கியவை கீழேயும் இருந்தன. கீழே இருந்தவற்றில் ஏதோ ஓர் ஒழுங்கு இருப்பதாக அவருக்குத் தோன்றியது. அந்தச் சிந்தனையின் பயனாக 1887-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட சிறு நூல், குழந்தைச் சித்திரத்தையே பொருளாகக் கொண்ட முதல் நூல்களுள் ஒன்று.

அடுத்த பத்தாண்டுகளில், ஆஸ்திரியத் தலைநகரான வியன்னாவில் பிரான்ஸ் சிஸெக் என்ற ஓவிய ஆசிரியர் சிறுவர்களுக்கெனத் தனி வகுப்பு ஒன்றை 1897-ஆம் ஆண்டில் தொடங்கினார். மாதிரிப் படத்தைப் பார்த்து அச்சடித்தாற்போல் வரையும் பயிற்சியே ஓவியப் பாடமெனக் கொள்ளப்பட்ட காலம் அது. சிஸெக் தம் மாணவர்களுக்குத் தாளும் வர்ணமும் கொடுத்து, அவரவர் மனத்தில் உள்ளதை வரையச் செய்தார். 1908-இல் வியன்னாவில் நடைபெற்ற பெருங்கலைக் கண்காட்சியில், நாட்டின் முன்னணி ஓவியர்களுடைய படைப்புகளோடு இச்சிறுவர்களின் படைப்புகளும் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1912-இல் நியூயார்க் நகரில் புகைப்படக் கலைஞர் ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் தமது கலைக்கூடத்தில் குழந்தைகளின் சித்திரங்களை மட்டுமே கொண்ட ஒரு கண்காட்சியை நடத்தினார். சிறுவர் சித்திரம் சுவரில் ஏறிய வரலாறு, ஆக, ஒரு நூற்றாண்டுக்குச் சற்றே மேற்பட்டது.

நம் நாட்டில் இம்முயற்சிக்குப் பெரும்பங்கு ஆற்றியவர் கார்ட்டூன் ஓவியர் சங்கர். கேரளத்துக் காயங்குளத்தில் 1902-இல் பிறந்து டில்லியில் குடியேறிய சங்கர் பிள்ளை, 1948-இல் ‘சங்கர்ஸ் வீக்லி’ என்ற வார இதழைத் தொடங்கியவர். மறு ஆண்டே அவ்விதழின் சார்பில் சிறுவர்களுக்கான ஓவிய, எழுத்துப் போட்டியை அறிவித்தார். 1950 முதல் அது உலகக் குழந்தைகள் யாவருக்கும் உரியதாக விரிந்தது. வந்து குவிந்த சித்திரங்களை அவர் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. பல ஊர்களுக்கும் கொண்டு சென்று காட்சிப்படுத்தினார். ஹங்கேரி நாட்டுத் தூதர் அளித்த ஒரு பொம்மையிலிருந்து வளர்ந்த பொம்மைத் தொகுப்பும் அச்சித்திரங்களோடு ஊர் ஊராகச் சென்றது. டில்லியில் 1965-இல் திறக்கப்பட்ட பொம்மைக் காட்சிசாலை அதன் விளைவேயாகும். தெற்கிலிருந்து சென்று தலைநகரில் வாழ்ந்த ஒருவர் இதைச் செய்தார் என்பது, அவ்வாறே ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு ஊக்கமளிக்கும் செய்தி.

இனி, நாம் பார்க்கச் செல்லும் பொருள் எத்தகையது என்பதை அறிந்து கொள்வோம். குழந்தை தான் காண்பதை வரைவதில்லை. தான் அறிந்ததை வரைகிறது. பிரெஞ்சு அறிஞர் லூக்கே 1927-இல் வெளியிட்ட நூலில் இக்கருத்தை விரிவாக விளக்கினார். வீட்டை வரையும் குழந்தை சுவரையும் வரையும். சுவருக்கு அப்பால் அடுப்படியில் நிற்கும் தாயையும் வரையும். சுவர் மறைக்குமே என்று நாம் கேட்கலாம். தாய் உள்ளே இருப்பது குழந்தைக்குத் தெரியும். தெரிந்ததை விட்டுவிடுவது அதற்குப் பொய்யாகத் தோன்றும். மேஜையை வரைந்தால் நான்கு கால்களும் நான்கு பக்கங்களில் விரிந்து கிடக்கும். தந்தை வீட்டைவிட உயரமாக நிற்பார். அவரது முக்கியத்துவம் அவ்வளவு. ஓடிப் பிடித்து விளையாடும் சிறுவனுக்குக் கை மட்டும் மிக நீளமாக இருக்கும். அவ்விளையாட்டில் வேலை செய்வது கைதானே!

இவ்வளர்ச்சிக்குப் படிகள் உண்டு. ஆஸ்திரியாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய கல்வியாளர் விக்டர் லோவன்பெல்ட் 1947-இல் வெளியிட்ட நூலில் அவற்றை வகுத்துக் காட்டினார். இரண்டு வயது முதல் நான்கு வயது வரை கிறுக்கற் பருவம். நான்கு முதல் ஏழு வரை, தலையும் அதிலிருந்தே கிளம்பும் இரு கால்களுமாக மனித உருவம் தோன்றி, சிறிது சிறிதாக நிறைவு பெறும். ஏழு முதல் ஒன்பது வரை, தாளின் அடியில் ஒரு கோடு நிலமாகவும், மேலே ஒரு பட்டை வானமாகவும் அமையும். இடையே யாவும் வரிசையாக நிற்கும். ஒன்பது வயதுக்கு மேல், ‘உள்ளது உள்ளபடி வரவேண்டும்’ என்ற விருப்பம் பிறக்கும். குழந்தைகள் யாவரும் நாட்காட்டி தவறாமல் இப்படிகளில் ஏறுவார்கள் என்பதில்லை; எனினும் பொதுவாக வழி இதுவே.

கிறுக்கலும் வெறுங் கிறுக்கலன்று. மழலைப் பள்ளிகளில் இலட்சக்கணக்கான சித்திரங்களைத் திரட்டி ஆராய்ந்த ரோடா கெல்லாக் என்னும் அமெரிக்க ஆசிரியை, கிறுக்கலில் இருபது அடிப்படைக் கோட்டு வகைகளைக் கண்டார். அவற்றிலிருந்து வட்டமும், வட்டத்தினுள் குறுக்கிடும் கோடுகளும், சூரியனும், பின்னர் மனித முகமும் பிறப்பதைக் காட்டினார். வாசலில் பாட்டி இடும் கோலத்தைப் பார்த்துக்கொண்டே தரையில் சுண்ணக்கட்டியால் வட்டமிடும் பேத்தியை நாம் அறிவோம். பாட்டியின் கோலத்திற்குப் புள்ளிக் கணக்கு உண்டு. அது கற்றுப் பெற வேண்டிய மரபு. பேத்தியின் வட்டமோ தானே கண்டுபிடித்தது. இரண்டும் ஒரே வாசலில் இருக்கலாம். ஒன்றை மற்றொன்றாக்க முயல்வதுதான் தவறு.

நாம் கவலை கொள்ள வேண்டிய இடம் ஒன்பது, பத்து வயது. அதுவரை கேளாமலே வரைந்து வந்த குழந்தை அப்போது தன் படத்தைத் தானே குறைகூறத் தொடங்குகிறது. ‘எனக்கு வரையத் தெரியாது’ என்ற சொல் முதன்முதலாக அப்போதுதான் கேட்கிறது. அந்நேரத்தில் பெரியவர் ஒருவரின் சிரிப்போ, ‘யானைக்கு இவ்வளவு சிறிய காதா?’ என்ற கேள்வியோ போதும். பென்சில் கீழே வைக்கப்பட்டுவிடும். நம்மிற் பெரும்பாலோர் அந்த வயதில் வரைவதை நிறுத்தியவர்களே என்பதைச் சற்றே நினைத்துப் பார்த்தால் இதன் உண்மை விளங்கும். அல்லது, குழந்தை அபாயமற்ற ஒரு படத்தைக் கற்றுக்கொண்டு அதையே வரைந்து கொண்டிருக்கும். இரண்டு மலைகள், நடுவே உதிக்கும் சூரியன், ஓர் ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை மரம், வானில் நான்கு பறவைகள். அமிர்தசரஸில் பிறந்த குழந்தையும் ஆமதாபாத்தில் பிறந்த குழந்தையும் இதே படத்தை வரைகின்றன. தன் தெருவில் ஒரு தென்னையையும் கண்டிராத குழந்தைக்கு இப்படம் எங்கிருந்து வந்தது? பெரியவர்கள் மெச்சியதால் வந்தது.

மெச்சுவதைப் பற்றி ஓர் ஆராய்ச்சி இங்கே குறிப்பிடத்தக்கது. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்னும் மூன்று உளவியல் அறிஞர்கள், வரைவதில் தாமாகவே ஆர்வமுள்ள மழலைப் பள்ளிக் குழந்தைகளை மூன்று குழுவாகப் பிரித்தனர். முதற் குழுவிடம், ‘வரைந்தால் நாடாவும் முத்திரையும் உள்ள நற்சான்றிதழ் தருவோம்’ என்று முன்னதாகவே சொல்லப்பட்டது. இரண்டாம் குழுவுக்கு, முன்னே சொல்லாமல், வரைந்த பின் அதே சான்றிதழ் அளிக்கப்பட்டது. மூன்றாம் குழுவுக்கு ஒன்றும் இல்லை. சில நாட்கள் கழித்து, யாரும் ஏவாத வேளையில் அக்குழந்தைகள் எவ்வளவு நேரம் வரைகிறார்கள் என்று கவனித்தனர். பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்ற இரு குழுவினரைக் காட்டிலும் ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தனர். விளையாட்டாக இருந்தது அவர்களுக்குக் கூலி வேலையாக மாறிவிட்டது என்று கொள்ளலாம்.

இதனால் போட்டிகளே கூடாதென்று நாம் சொல்ல வரவில்லை. சங்கர் நடத்திய போட்டி பல நாட்டுக் குழந்தைகளை ஒருவரோடொருவர் அறிமுகப்படுத்தியது. ஆனால் போட்டி வேறு, கண்காட்சி வேறு. போட்டியில் மூவர் வெல்வர், முப்பத்தெழுவர் தோற்பர். கண்காட்சியில் நாற்பதின்மரும் தத்தம் படத்தருகே நின்று ஊராரை வரவேற்பர். நம் சங்கங்கள் நடத்துவது பெரும்பாலும் முன்னதே. பெயர் மட்டும் பின்னது. ஊர்க் கண்காட்சியில் முதற் பரிசு, இரண்டாம் பரிசு என்ற சீட்டை ஒட்டாதிருப்பது நலம். ஏதேனும் அளிக்க விரும்பினால், வரைந்த அனைவருக்கும் ஒரு வர்ணப் பெட்டியை, முன்கூட்டிச் சொல்லாமல், இறுதியில் அளிக்கலாம்.

சித்திரத்தின் அடியில் பெயர் எழுதுவதும் சிறு காரியமன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், பொஹீமியாவில் தெரெசின் என்ற கோட்டை நகரில் நாஜிகள் யூத மக்களை அடைத்து வைத்திருந்தனர். வியன்னாவில் சிஸெக்கிடமும், பின்னர் ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப் பள்ளியிலும் பயின்ற பிரீடல் டிக்கர் பிராண்டைஸ் என்ற பெண்மணி 1942-ஆம் ஆண்டின் இறுதியில் அங்கு கொண்டு செல்லப்பட்டார். கிடைத்த துண்டுத் தாள்களைக் கொண்டு அங்கிருந்த குழந்தைகளுக்கு அவர் ஓவியம் கற்பித்தார். சிறைப்பட்டோர் எண்களாக எண்ணப்பட்ட அவ்விடத்தில், குழந்தைகள் தத்தம் படத்தில் தம் பெயரை எழுத வேண்டும் என்பதில் அவர் உறுதியாயிருந்தார். 1944 அக்டோபரில் அவர் ஆஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய மாணவர்களிற் பெரும்பாலோரும் உயிர் பிழைக்கவில்லை. எனினும், இரண்டு பெட்டிகளில் மறைத்து வைக்கப்பட்ட சுமார் 4,500 சித்திரங்கள் தப்பிப் பிழைத்தன. அவற்றுட் சில பிராக் நகரில் பிங்காஸ் தொழுகைக் கூடத்தில் இன்றும் காட்சிக்கு உள்ளன. பட்டாம்பூச்சி, மலர், படுக்கை, உணவு மேஜை என்று குழந்தைகள் தம் பெயரிட்டு வரைந்தவை அவை. ஒரு தாளும் ஒரு பெயரும் எதைக் காப்பாற்ற முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

நம் நாட்டிலும் இக்கொள்கையைப் பொறுமையாக நடைமுறைப்படுத்தியவர்கள் உண்டு. சாந்தி நிகேதனில் பயின்ற தேவி பிரசாத், 1944 முதல் காந்தியடிகளின் சேவாக்கிராமத்தில் ஆதாரக் கல்விப் பள்ளிக் குழந்தைகளுக்கு ஓவிய ஆசிரியராகப் பணியாற்றினார். கைத்தொழிலும் வேளாண்மையும் கற்கும் கிராமத்துக் குழந்தைக்குச் சித்திரம் ஓர் ஆடம்பரமன்று, கல்வியின் அடிப்படையே என்பது அவர் கண்ட முடிவு. வசதியுள்ளோர் வீட்டுக் குழந்தைக்கே ஓவியம் என்ற எண்ணத்தை மறுக்க அவருடைய அனுபவம் துணை செய்யும்.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இக்கண்காட்சியால் விளையும் தனிப்பயன் ஒன்றுண்டு. நம் குழந்தைகள் இரண்டு மூன்று மொழிகளுக்கிடையே வளர்கிறார்கள். பள்ளியில் இந்தியோ மராத்தியோ வங்காளமோ, வீட்டில் தமிழ். தமிழில் எழுதச் சொன்னால் தயங்கும் குழந்தை, தான் வரைந்ததைப் பற்றித் தமிழில் பேசச் சொன்னால் தயங்குவதில்லை. சொல்வதற்கு அதனிடம் செய்தி இருக்கிறது. ஆகவே, படம் ஒவ்வொன்றன் கீழும் குழந்தை சொன்ன வாசகத்தை ஒரு சீட்டில் எழுதி வைக்கலாம். ‘இது எங்க பாட்டி, மெட்ரோவுல பயந்துட்டாங்க’ என்று குழந்தை சொன்னால் அப்படியே எழுத வேண்டும், இலக்கணம் திருத்தலாகாது. எழுதும் பணியை, ஓய்வு பெற்று மக்கள் வீட்டில் தங்கியிருக்கும் தாத்தா பாட்டிமாரிடம் ஒப்படைத்தால், பேசத் துணையின்றிப் பொழுது போக்கும் அவர்களுக்கும் ஒரு பணி கிட்டும். பேரக் குழந்தைக்கும் கேட்பார் ஒருவர் கிடைப்பார். கையெழுத்தைக் குழந்தையே தமிழில் இடட்டும். எழுத்துக் கோணினாலும் குற்றமில்லை.

இவ்வாறு சேரும் படங்களில் பொங்கற் பானைக்கு அருகே கணபதி ஊர்வலமும், துர்க்கை பூஜைப் பந்தலில் பாவாடை கட்டிய சிறுமியும் காணப்பட்டால் நாம் வியக்க வேண்டியதில்லை, வருந்தவும் வேண்டியதில்லை. அக்குழந்தைகளின் ஊர் அதுவே. சீட்டுகளை அவ்வூர் மொழியிலும் எழுதி அண்டை வீட்டாரையும் அழைத்தால், நம் வாழ்க்கையை அவர்களும், அவர்கள் வாழ்க்கையை நம் குழந்தைகள் கண்ட விதத்தை நாமும் அறிந்து கொள்வோம்.

மற்றொன்றையும் சொல்லாமல் விட இயலாது. ஒரே நகரில் வாழும் தமிழர் யாவரும் ஒரே மண்டபத்திற்கு வருவதில்லை. அலுவலகங்களில் பணிபுரிவோரின் குழந்தைகள் விழா மேடையில் தோன்றுகிறார்கள். வீட்டு வேலை, துப்புரவு வேலை, கட்டட வேலை செய்து பிழைப்போரின் குழந்தைகள் தோன்றுவது அரிது. டில்லி ஜங்புராவில் பாரபுல்லா வடிகாலின் கரையில் பல பத்தாண்டுகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த ‘மதராஸி கேம்ப்’ 2025 ஜூன் மாதத்தில் அகற்றப்பட்டது. அக்குடும்பங்களில் ஒரு பகுதியினருக்கு நகரின் வடகோடியிலுள்ள நரேலாவில் மாற்று வீடு ஒதுக்கப்பட்டது; எஞ்சியோருக்கு அதுவும் இல்லை. அக்குழந்தைகளிடம் ‘வீடு’ வரையச் சொன்னால் எந்த வீட்டை வரைவார்கள்? அதை அவர்கள் சொல்லக் கேட்பதற்கு, நகரின் நடுவே ஒரு மண்டபத்தில் நாம் காத்திருந்தால் போதாது. தாளையும் வர்ணத்தையும் எடுத்துக்கொண்டு நாம் அங்கே செல்ல வேண்டும்; கண்காட்சியும் ஒரு நாள் அங்கே நடைபெற வேண்டும். ‘ஊர்க் கண்காட்சி’ என்ற பெயருக்கு அப்போதுதான் பொருள் உண்டு.

இனி நடைமுறை. மண்டபத்தில் உட்கார வைத்து ஒரு மணி நேரத்தில் வரையச் சொல்வதைவிட, ஒரு மாத காலத்தில் குழந்தைகள் வீட்டில் தாமாக வரைந்தவற்றைத் திரட்டுவது மேல். தலைப்புக் கொடுப்பதாயின் ‘எங்கள் தெரு’, ‘மழை நாள்’, ‘ரயிலில் ஊருக்குப் போனோம்’ போன்று குழந்தை நேரில் அறிந்தவற்றைக் கொடுக்கலாம். பெற்றோர் கைபட்ட படம் வேண்டாம் என்பதை முன்னரே அன்போடு தெரிவித்துவிட வேண்டும். விண்ணப்பித்த எந்தக் குழந்தையின் படமும் விடுபடலாகாது. இடம் போதாவிட்டால் ஒருவருக்கு ஒரு படம் என்று வரையறுக்கலாம். படத்தின் பின்புறம் பென்சிலால் பெயர், வயது, நாள் ஆகியவற்றைக் குறிப்பது அவசியம். மெழுகு வர்ணம் ஒன்றோடொன்று ஒட்டுமாதலால், அடுக்கும்போது இடையே வெற்றுத் தாள் வைக்க வேண்டும். ஸ்கெட்ச் பேனா வர்ணம் வெயிலில் விரைவில் வெளிறும். ஆகவே வெயில் விழும் ஜன்னலுக்கு எதிரே அவற்றை வைத்தல் தகாது.

மேஜை மீது பரப்புவதைத் தவிர்த்து, கெட்டி அட்டையில் நாற்புறமும் இரண்டு அங்குலம் விட்டு ஒட்டி, கயிறு கட்டித் துணிக் கிளிப்புகளால் தொங்கவிடலாம். செலவு அதிகமில்லை. தரையிலிருந்து மூன்று, மூன்றரை அடி உயரமே போதுமானது. பெரியவர்கள் சற்றே குனிய வேண்டியிருக்கும், குனியட்டும். தேர்ச்சியை வைத்து வரிசைப்படுத்தாமல் வயதை வைத்து வரிசைப்படுத்தினால், கிறுக்கலிலிருந்து காட்சி பிறக்கும் வழி பார்ப்போருக்குத் தானே விளங்கும். முடிந்தபின் படங்களைக் கைப்பேசியில் ஒளிப்படம் எடுத்து வைத்துக்கொண்டு, மூலப் படத்தை மடிக்காமல் குழந்தையிடமே திருப்பித் தருதல் கடமை.

பார்க்கச் செல்வோர்க்கும் ஒரு வேண்டுகோள். ‘இது என்ன?’ என்று கேட்பதைவிட, ‘இதைப் பற்றிச் சொல்லேன்’ என்று கேளுங்கள். முன்னதில் ‘எனக்கு விளங்கவில்லை’ என்ற குறை ஒளிந்திருக்கிறது. பின்னது பேச்சுக்கு வாயிலைத் திறக்கிறது. ‘பிரமாதம்’ என்று பொதுவாகச் சொல்வதைவிட, ‘இந்தப் பேருந்தில் பன்னிரண்டு ஜன்னல் வைத்திருக்கிறாயே’ என்று, கண்டதைச் சொல்லுங்கள். தன் படத்தை ஒருவர் உண்மையாகவே பார்த்தார் என்பதைக் குழந்தை உடனே அறிந்து கொள்ளும். அடுத்த படத்தில் பன்னிரண்டு ஜன்னல்களிலும் பன்னிரண்டு முகங்கள் தோன்றக்கூடும்.

வரும் விழாவுக்கு நிகழ்ச்சி நிரல் தயாரிக்கும்போது, நம் சங்கங்களின் செயலாளர்கள் இப்பகுதிக்கு ஒரு நல்ல சுவரையும், அரை நாள் பொழுதையும், எழுதத் தெரிந்த இரண்டு முதியவர்களையும் ஒதுக்குவார்களாக. நம் குழந்தைகள் எல்லாரும் ஓவியர் ஆகப் போவதில்லை. ஆக வேண்டிய தேவையுமில்லை. தான் கண்டதையும் நினைத்ததையும் தன் கையால் காட்டலாம், காட்டினால் பார்ப்பதற்கு ஊரில் நாலு பேர் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கையோடு பத்து வயதைக் கடந்தால், அக்குழந்தைக்கு நாம் செய்யக்கூடியதைச் செய்தவர்களாவோம்.